சதுரம் சதுரமாய் ஒரு மாப்பிள்ளை

1998 மே 14, வியாழன்

சுருக்கி சேவ் செய்த படத்தைத் திரும்பப் பெரிதாக்கினால் தெளிவு வருமா என்று போன வாரம், எனக்கு வேலை சொல்லித்தரும் சுரேஷ் அண்ணனிடம் கேட்டேன். டிடிபி சென்டரில் அத்தனை கஸ்டமர் முன்னாலும், “பின்ன வராதா? எட்டி, இதுகூட அறியாமலாக்கும் நீ படிக்க வந்தே?” என்று சிரித்தான்.

இன்று தன் கல்யாண போஸ்டருக்கான நிச்சயதார்த்தப் படத்தை பிளாப்பியில் அடங்கச் சுருக்கி, பழையதின் மேலேயே சேவ் செய்துவிட்டான். பெரிதாக்கினால் மூஞ்சி முழுக்கச் சதுரம் சதுரமாக நிற்கிறது. அசல் போட்டோவோ காரக்கோணத்துப் பெண்வீட்டுக்குத் திரும்பிப் போயாச்சு.

“மக்கா, வேற காப்பி உண்டா?”

“இன்னும் பெருசாக்குங்க அண்ணே, தெளிவு வரும்” என்றேன்.

நான் ஸ்கேன் செய்த, சுருக்காத முழு பிஎம்பி படம் அதே கம்ப்யூட்டரில் என் ஃபோல்டரில் கிடக்கிறது. கிடக்கட்டும். நாளைக் காலையில் பாறசாலை முழுக்க அந்த மூஞ்சியையே ஒட்டட்டும்.