ஆடியில் விதைத்த கோதுமை

ஜூலை 14, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் காட்டம். சொர்ணவாரி நெல்லில் கதிர் வெளியே வருகிற நேரம், வயலில் தண்ணீர் நிற்கவேண்டும். மோட்டார் போட்டேன். மூன்றாவது வயல் பாதி ஏறியது, கரண்ட் போய்விட்டது. வீடு.

வீட்டிலும் வறட்சிதான். மகள் பவித்ரா என்னோடு பேசி நான்கு நாள். டம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறாள்.

விஷயத்தை உள்ளபடி எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து என்னை நானே நல்லவனாக்கிக்கொள்வேன். ப்ளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது, வில்லியனூர் பக்கம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். ஏற்கிறோமா விடுகிறோமா என்று சனிக்கிழமை சாயங்காலம் ஐந்துக்குள் ஆன்லைனில் சொல்லவேண்டும். அவளுக்கு அது வேண்டாம். கம்ப்யூட்டர் கேம் உருவாக்குகிற படிப்பு. கோயம்புத்தூர். நான்கு வருஷம். அங்கேயும் இடம் இருக்கிறது, அப்பன் கையெழுத்துதான் பாக்கி.

வியாழக்கிழமை நான் சொன்னது: "வெளயாடறதுக்கு ஒரு படிப்பா? சோம்பேறிங்க வேலடி அது." பத்தாவதை இரண்டு முறை எழுதியும் தாண்டாதவன் பேசுகிற பேச்சா. பேசிவிட்டேன்.

இன்று மத்தியானச் சாப்பாட்டில் அவளே வாயைத் திறந்தாள்.

"சோம்பேறி வேலன்ன இல்ல? நீ ஆடிக் காட்டு."

"எத?"

"நான் ஆடற ராஜா காலத்து ஆட்டம். சும்மா இல்ல, அந்தக் கஷ்டமான மோட போட்டு. மூணு தடவ தரேன். ஒரு தடவையாச்சும் குளிர்காலம் தாண்டி ஊர்ல பத்து பேர் உயிரோட இருந்தா நான் நர்சிங் போறேன். மறுபேச்சு பேசமாட்டேன்."

"இல்லன்னா?"

"கையெழுத்து போடற."

என் வீட்டுக்காரி செல்வி ரசம் ஊற்றிக்கொண்டே, "பொண்ணு இன்னா படிக்கணும்னு பந்தயம் கட்டற வூடு இது ஒண்ணுதான்" என்றாள். ஆனால் அவளும் நர்சிங் கட்சி. அடுப்படிக்குப் போனபோது என் காதில்: "ஜெயிச்சித் தொலைங்க."

ஒப்புக்கொண்டேன். வயசு நாற்பத்தாறு, மூன்று காணி பயிர் வைக்கிறவன். ஒரு பொம்மை ஊரை ஒரு வருஷம் காப்பாற்ற முடியாதா.

ஜூலை 15, செவ்வாய்

ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. நாள் முழுக்க மோடு.

மோடு என்றால் பழைய ஆட்டத்தின்மேல் வெளியாட்கள் யாரோ சொந்தமாக எழுதி ஏற்றுகிற புதுச் சட்டம். பழைய ஆட்டத்தில் ஜனங்கள் பசித்தால் முனகுவார்களாம். இதில் சாவார்கள். அதை ஏற்றுவதும் பந்தயத்தில் சேர்த்தி, கை வைக்கமாட்டேன் என்று பவித்ரா (இனி ப.) சொல்லிவிட்டாள்.

இன்றைய சாதனைகள்:

இறக்கினேன். எங்கே இறங்கியது என்று தெரியவில்லை.
கிடைத்தது. ஆட்டத்துக்குள் போடாமல் எங்கள் கல்யாண போட்டோ இருக்கிற இடத்தில் போட்டுவிட்டேன்.
சரியான இடம். திரை கறுப்பு.
மறுபடி கறுப்பு. டீ.
கறுப்பு.

மருந்து அடிக்கிற டேங்க் கேட்டு மச்சான் குணா வந்தான். லேப்டாப் முன்னால் என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா மாமா, ரிப்பேரா?"

"படிக்கிறேன்டா."

"பத்தாவதா? மூணாவது தடவையா?"

டேங்க் கொடுக்கவில்லை. பிறகு கூப்பிட்டுக் கொடுத்தேன்.

நாலு மணிக்குத்தான் புரிந்தது. எட்டு கோப்பு. ஒன்றுக்குக் கீழ் ஒன்று, வரிசை மாறக்கூடாது. மேல் வயல் நிரம்பாமல் கீழ் வயலுக்கு மடை திறந்தால் என்ன ஆகுமோ அதேதான். வரிசைப்படுத்தினேன், திறந்தது. முதலில் ஒரு வாசகம். போனில் காட்டித் தமிழாக்கினேன்: புதியவர்கள் சாதாரண ஆட்டத்தில் பழகிவிட்டு வரவும், உங்கள் மக்கள் உங்களை மன்னிக்கமாட்டார்கள்.

மூடிவைத்தேன். நாளைக்கு.

ஜூலை 16, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. முதல் ஆட்டம். ஆட்டத்தில் ஒரு வருஷம் ஓட மூன்று மணி நேரம் ஆகிறது.

மார்ச்சில் தொடங்குகிறது. இருபத்து நாலு பேர், மூன்று குடிசை, ஒரு ஆறு, மற்றதெல்லாம் காடு. நான் ராஜா. ராஜா என்றால் என்ன செய்யவேண்டும்? பன்னிரண்டு பேர் கையில் ஈட்டி கொடுத்தேன். மீதிப் பேரை வைத்து மதில் கட்டினேன். நல்ல மதில்.

டிசம்பரில் பனி. நான் கண்ட பனி மார்கழியில் வைக்கோல் போர்மேல் ஈரமாக உட்காரும், ஒரு மப்ளரோடு சரி. இது முழங்கால் உயரம். விறகு வெட்ட ஒருத்தனையும் அனுப்பியிருக்கவில்லை. ஈட்டிக்காரர்கள் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். ஜனவரி பத்தில் ஊரில் ஒரே ஒரு கோழி.

"எதிரி யாருமே வரலியேப்பா" என்றாள் ப.

"வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சிரிக்கவில்லை அவள். நானும்தான். மூன்றில் ஒன்று போயிற்று. சனிக்கிழமைக்கு மூன்று நாள்.

செல்வியின் அண்ணன் போன். "நர்சிங் சீட்டாமே, சந்தோஷம் மாப்ள, இனிமே கவலயில்ல." ஆமாம் ஆமாம் என்றேன். பேச்சை நெல் விலைக்கு மாற்றினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலை ஐந்திலிருந்து. இரண்டாவது ஆட்டம்.

இந்த முறை ஈட்டி இல்லை, மதில் இல்லை. விறகு. மலை மலையாக விறகு. ஒருமுறை சூடு பட்டவன், சூட்டுக்கே ஏற்பாடு. சாப்பாட்டுக்கு ஆற்றில் மீன், காட்டில் பழம். விதை மூட்டை இருந்தது, கோதுமை. தொடவில்லை. மார்ச், ஏப்ரல், மே. ப. இரண்டு முறை பின்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டு போய்விட்டாள்.

பட்டம் தப்பினால் பயிர் தப்பும். எங்கப்பன் சொன்னது, ஊரே சொல்வது, ஆடிப் பட்டம் தேடி விதை. ஆட்டத்தில் ஜூலை பதினேழு வந்ததும் ஒரே நாளில் மொத்தமும் விதைத்தேன். ஐந்தாறு மாதம். தை பிறக்கும்போது அறுப்பு. இந்த மோடை எழுதினவன் எவனோ, என்னைப்போல ஒரு குடியானவனை எதிர்பார்த்திருக்கமாட்டான் என்று நினைத்தேன். செல்வியைக் கூப்பிட்டுப் பயிரைக்கூடக் காட்டினேன். "நல்லாத்தான் கீது" என்றாள்.

நவம்பரில் பச்சைக் கதிர். பால் பிடிக்கவில்லை. அதன்மேல் பனி. ஒரே ராத்திரியில் வயல் முழுக்க வெள்ளை.

ஜனங்கள் குளிரில் சாகவில்லை. வீடெல்லாம் கதகதப்பு, புகைபோக்கியில் புகை. பசியில் போனார்கள். தை பிறந்தது, ஊரில் நாலு பேர். மாசியில் யாரும் இல்லை. விறகு மிச்சம்.

"ஏன்பா, ஜூலை வரிக்கும் இன்னாத்துக்குக் காத்துகினு இருந்த?"

"ஆடிப் பட்டம்டி."

அவள் சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சாரிபா. அங்க தை மாசத்துல எதுவும் வெளயாது."

"தெரிஞ்சிகினேதான் பின்னாடி நின்னியா?"

"சொன்னா அது நான் ஆடற மாதிரி ஆயிடும்."

நியாயம்தான். ஆனாலும் இருபத்து நாலு பேர். என்னை நம்பித்தானே இருந்தார்கள். பொம்மைகள் என்று எழுதவந்தேன், கை வரவில்லை.

ஒன்று பாக்கி.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ் வாங்கி வந்தாள் செல்வி, கருவாட்டுக் குழம்பும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கடைசி ஆட்டம். இன்று பாதி, நாளை பாதி.

மார்ச்சிலேயே விதைத்தேன். மனசு ஒப்பவில்லை, பங்குனியில் விதைக்கிற பாவி நான் ஒருத்தன்தான் என்று தோன்றியது. முளைத்தது. ஆடியில் அறுத்தேன். அறுப்பு முடியவும் அங்கே மழை, ஒரு நாள் தாமதித்திருந்தால் களத்திலேயே முளைவிட்டிருக்கும். அந்த ஒரு நாள் கணக்கு எனக்குத் தெரியும்.

பத்தாயத்துக்கு இரண்டு வகை காட்டுகிறது. தரையோடு கட்டுவது, மரம் கொஞ்சம் போதும். கால் வைத்து உயர்த்திக் கட்டுவது, மரம் இரண்டு பங்கு. நான் காலுள்ளதைத் தொட்டேன்.

"மரம் வேஸ்ட்டுபா. நான் எப்பவும் தரையிலதான் கட்டுவேன்."

"உனக்கு தானியம் எப்பவும் பத்தாது, சரியா?"

"ஆமா. ஏன்?"

"எலி."

அவள் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். நான் பார்க்காததுபோல இருந்தேன். உள்ளே ஒரே பெருமை. ஜெயித்தால் இந்த நோட்டை அவள் என்ன செய்வாள் என்று அப்புறம்தான் தோன்றியது. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

நவம்பர் வரை ஓட்டி நிறுத்தியாயிற்று. இருமல் வந்து ஏழு பேர் போனார்கள். மீதி பதினேழு.

ஜூலை 19, சனி

காலை. களை எடுக்க இரண்டு பேர் வரவேண்டியது, ஒருத்திதான் வந்தாள். பதினொன்றுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன், வயலில் இருந்தாலும் மனசு இல்லை.

12.30. இன்று வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்தி ஆடுகிறேன். ஜனவரி. ஓநாய். நாலு பேர். மீதி பதின்மூன்று.

2.15. பிப்ரவரி ஆரம்பம். தானியத்தை எண்ணினேன். மார்ச் ஒன்றில் பனி உருகும். பதின்மூன்று பேருக்கு அதுவரை முழு வயிறு, இரண்டு நாள் உபரி. ப. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளும் எண்ணினாள். நகத்தைக் கடித்தாள். செல்வி பீன்ஸ் தட்டோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள். "இன்னா, ஜெயிச்சிட்டீங்களா?" ஜெயித்த மாதிரிதான்.

2.40. ஊர்க்கதவை யாரோ தட்டுகிறார்கள். ஐந்து பேர். ஒரு கிழவர், இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள். அவர்கள் ஊர் எரிந்துவிட்டதாம். இரண்டு பொத்தான். திற. சாத்து.

ப. மெதுவாகச் சொன்னாள். "அப்பா, உள்ள வுட்டா எல்லாருக்கும் அர வயிறு. அர வயிறுன்னா காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தா நிக்காது. நான் நாலு தடவ பாத்துகிறேன். இப்பல்லாம் சாத்திடுவேன்."

"நான் சாத்துனா ஜெயிச்சிடுவேன்டி. நீ எனக்கா சொல்லித் தர?"

"ஆடறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல."

என் பெண் இவள். தான் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தே எனக்கு ஜெயிக்க வழி சொல்கிறாள்.

புயல் வருஷம் கூரை பறந்து, நாங்கள் மூன்று பேரும் ஒரு மாடுமாக ஒருத்தர் வாசலில் போய் நின்றோம், அதை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை. கை திறந்துவிட்டது, பிறகுதான் தானியத்தை மறுபடி எண்ணினேன்.

செல்வி, "வாசல்ல வந்து நின்னா வுடாம?" என்றாள். அவளுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை.

3.20. பதினெட்டு பேர். அரை வயிறு. காய்ச்சல் தொடங்கிவிட்டது.

3.45. பதினான்கு. மீன் பிடிக்க ஆள் அனுப்பினேன், ஆறு உறைந்து கிடக்கிறது. திரும்பிவரவில்லை ஒருவன். பதின்மூன்று.

4.05. பன்னிரண்டு. செல்விக்கு இப்போது புரிந்துவிட்டது. பீன்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறாள். "இவங்கள உள்ள வுட்டா பந்தயமே போயிடும்னு ஒருத்தர்னா சொன்னீங்களா?"

4.20. பிப்ரவரி 25. கிழவர் போனார். பதினொன்று. பத்தாயத்தைத் துடைத்துப் போட்டேன்.

4.28. பிப்ரவரி 28. பத்து. இன்னும் ஒரு நாள். ப. என் முழங்கையைப் பிடித்திருக்கிறாள். விடச் சொல்லவில்லை.

4.31. ஒன்பது.

மார்ச் ஒன்று. பனி சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஒன்பது பேர் வெளியே வந்து நிற்கிறார்கள்.

ப. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"வந்தவங்கள்ல ஒரு அக்கா மாசமா இருக்குதுப்பா. பாரு, பேருக்குப் பக்கத்துல குறி போட்டுகீது. அத சேத்தா பத்து."

செல்வி என்னைப் பார்த்தாள். சரி என்று சொன்னால் போதும். வீட்டிலிருந்தே பஸ். கவலை இல்லை. அவளாகத்தான் தருகிறாள், நான் கேட்கவில்லை. மெய்யாகவே வாயில் வந்துவிட்டது.

"பொறக்காத புள்ள பேரு ரேஷன் கார்டுல ஏறுமா?" என்றேன்.

"ஏறாது."

"அப்ப ஒன்பதுதான்."

4.44. நர்சிங் சீட்டை விட்டாயிற்று. உறுதிதானா என்று அது இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் நானே அழுத்தினேன். பிறகு கோயம்புத்தூர் பாரத்தில் கையெழுத்து. பேனா எழுதவில்லை, வேறு பேனா.

எழுதிவைக்கிறேன்: பயமாகத்தான் இருக்கிறது. நல்லது செய்துவிட்ட நிம்மதி எல்லாம் இல்லை. செல்வியின் அண்ணனுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

செல்வி அரை மணி நேரம் அடுப்படியில் பாத்திரம் உருட்டினாள். பிறகு பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள், "கோயம்புத்தூர்ல குளிருமா?"

"கார்த்திகை மார்கழில கொஞ்சம் குளிரும்மா" என்றாள் ப.

போர்வை வாங்கவேண்டும். கெட்டியாக, இரண்டு.