எங்கள் தெருவுக்கான பொட்டலம்

என் பெரியவளே,

உன் தங்கச்சிக்கு இருமல் தேவலை. அப்பா வேலை பார்க்கும் ஆலையை இன்னும் திறக்கவில்லை. மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

வழக்கம்போல ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொட்டலம் கட்டச் சர்ச்சுக்குப் போனேன். கிளம்பும்போது போதகர் மனைவி ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். "இது உங்க தெருவுக்கு."

"யார் வீட்டுக்கும்மா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "போனா உங்களுக்கே தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியாதா? நேரே தையல்காரி வீட்டுக்குத்தான் போனேன். புருஷன் போனதிலிருந்து அவள் வீட்டில் அடுப்பெரிவதே அபூர்வம். வாங்கிக்கொண்டு, "ஆண்டவர் கண்ணைத் திறந்துட்டாருக்கா" என்று அழுதுவிட்டாள். அன்று எங்களுக்கு வெறும் டீயும் ரொட்டியும்தான். ஆனாலும் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் உன் தங்கச்சி குளிர் தாங்காமல் என் சால்வைக்குள் ஒடுங்கியிருந்தாள். போதகர் மனைவி வந்து என் காதோடு கேட்டார்: "பொட்டலத்துல வெச்ச சிவப்பு ஸ்வெட்டரை ஏன் போட்டு விடலை? இவ அளவு பார்த்துத்தானே வாங்கினேன். சின்னதாப் போச்சா?"

சால்வையை அவள்மேல் இன்னும் இழுத்துப் போர்த்தினேன்.

அவர் நகர்ந்ததும் உன் தங்கச்சி என் தாடையை முன்வரிசைப் பக்கம் திருப்பினாள். "அம்மா, தையல்காரி அக்கா பொண்ணோட ஸ்வெட்டரைப் பாரேன், எவ்வளவு அழகா இருக்கு!"

"ஆமாடி," என்றேன். "அவளுக்குன்னே பின்னின மாதிரி இருக்கு."

உன் அம்மா