நெய்ப்பந்தம் பிடித்த பேத்திக்கு மாமன் மடி

அன்புள்ள கோவிந்து,

நம் பேத்தி பவித்ராவுக்குக் காது குத்தும்போது அவளைத் தன் மடியில் உட்காரவைக்க மாட்டேன் என்று உன் மகன் செல்வம் சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னான். நடந்த தப்பு இதுதான். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் உயிரோடு இருந்தபோதும் நான் பேசினால் முதல் வரியைத்தான் காது கொடுத்துக் கேட்பாய். இரண்டாவது வரிக்குள் பீடி தேட ஆரம்பித்துவிடுவாய்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. செஞ்சியில் யார் படித்தாலும் படிக்கட்டும். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். நான் பள்ளிக்கூடம் பார்த்தவனில்லை, லாரியில் கிளீனராக உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படித்துப் படித்து எழுத்துக் கற்றவன் என்பது உனக்குத் தெரியும். பிழை என் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது, என் நியாயத்தில் இல்லை.

முதலில் நல்ல சேதி. தத்து ஆர்டர் வரப்போகிறது. பெற்றவர்கள் இல்லாத பிள்ளையைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்க்கிறோம் என்றுதான் உன் மகள் தேவியும் என் மகன் சங்கரும் பவியை அழைத்து வந்தார்கள். வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். பிள்ளை நம் வீட்டில் சாப்பிடும், நம் வீட்டில் தூங்கும், ஆனால் சட்டப்படி நம் பிள்ளை இல்லை. இப்போது சட்டப்படியும் நம் பிள்ளை ஆகப்போகிறாள். இதற்காகக் குழந்தைகள் நல அலுவலகத்து அம்மா எத்தனை தடவை வந்து போனார் என்று கேட்காதே. அடுப்படியைப் பார்த்தார், கக்கூஸ் தாழ்ப்பாளைப் பார்த்தார், என் ரத்தக் கொதிப்பு மாத்திரையைக்கூட எடுத்துப் பார்த்தார். "தாத்தாவுக்குக் கோவம் வருமா?" என்று பவியிடம் கேட்டார். "வரும். ஆனா என்மேல வராது" என்றாள் அவள். அந்த அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பவிக்கென்று நீ கட்டிய அறைக்குச் சங்கர் பெயின்ட் அடித்துவிட்டான். ஜன்னல் சட்டம் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. ஊரில் எல்லார் வீட்டையும் தூக்குக்குண்டு வைத்துக் கட்டிய மேஸ்திரி, பேத்தி அறைக்கு வந்தபோது மட்டும் கண்ணை எங்கே வைத்திருந்தாய்? அன்றைக்கே சொன்னேன். "பாத்துக்கலாம் உடு" என்றாய். பவி அந்த ஜன்னலில் உட்கார்ந்து, மலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்கிறாள். மலை நேராகத்தான் இருக்கிறது, மேஸ்திரி தாத்தா கட்டிய ஜன்னல்தான் சாய்ந்திருக்கிறது என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்ப மாட்டேன் என்கிறாள். உன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அவளுக்குக் காது குத்தவே இல்லை என்பது உனக்கு நினைவிருக்கும். நம்மிடம் வருவதற்கு முன்பு யாரும் குத்தவில்லை. வந்த பிறகு, ஆர்டர் வரட்டும், முறையாகச் செய்யலாம் என்று காத்திருந்தோம். வகுப்பில் எல்லாப் பெண்களும் தோடு போட்டிருக்கிறார்கள். இவள் என்ன செய்கிறாள் தெரியுமா? தேவியின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, காதுக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டு கண்ணாடி பார்க்கிறாள். வியர்வையில் விழுந்துவிட்டால் தேடி எடுத்து மறுபடி ஒட்டுகிறாள்.

ஆர்டர் வந்ததும் அனந்தபுரத்தில் எங்கள் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவு செய்தோம். மொட்டை வேண்டாம், முடி அழகாக இருக்கிறது என்று தேவி அழுதாள். சரி, நுனி முடி மட்டும் வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதும் என்று நானே இறங்கி வந்தேன். நான் இறங்கி வந்ததை யாராவது பேசுகிறார்களா? இல்லை.

தாய்மாமனை முறையாக அழைக்க வேண்டும் என்று செல்வத்தை வரச் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் ஹெல்மெட். உட்காரக்கூட இல்லை.

"மாமா, தத்து எடுக்கறது உங்க வீட்டு விஷயம். நான் குறுக்க வரல. ஆனா மடியில வெச்சிக் குத்தச் சொன்னா என்னால முடியாது."

"ஏன், மடியில இன்னா புண்ணா?"

"வெளையாடாதீங்க மாமா. இன்னிக்கி மடி. நாளைக்கி வயசுக்கு வந்தா மாமன் சீரு. அப்புறம் கல்யாணம். எனக்கும் ரெண்டு பசங்க இருக்குறானுங்க. மொறப்பொண்ணுன்னு ஊரு பேசும். எந்த ஊரு, எந்த ஜாதி, யாரு பெத்ததுன்னு நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"தேவி பொண்ணுன்னு சொல்லுண்ணா" என்றாள் உன் மகள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பிப் பார்க்கிறேன், மாமாவுக்குக் கொடுக்கச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த பவி கதவோரம் நிற்கிறாள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்.

அதன்பிறகு ஆளாளுக்கு யோசனை. தாய்மாமன் இல்லாதவர்கள் பங்காளி மடியில் வைத்துக் குத்துகிறார்கள், அதுபோல் செய்யலாம் என்றார் பூசாரி. பாண்டிச்சேரி நகைக்கடையில் துப்பாக்கி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், டக்கென்று குத்திவிடுவார்கள், வலியே இல்லை என்றான் சங்கர். வலி எங்கே இருக்கிறது என்றே என் மகனுக்குத் தெரியவில்லை பார். மாமன் இல்லாதவர்கள் வேறு வழி பார்க்கட்டும். எட்டுக் கிலோமீட்டரில் கடை வைத்துக்கொண்டு கல்லுமாதிரி மாமன் உட்கார்ந்திருக்கும்போது, இல்லாத மாதிரி எதற்கு நடிக்க வேண்டும்? இந்தப் பிள்ளை இவ்வளவு நாள் யாருமே இல்லாமல் இருந்தது போதாதா?

இப்போது உன் சாவைப் பற்றிப் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

போன வருஷம் உன்னை எடுப்பதற்கு முன்னால், பேரப்பிள்ளைகள் எல்லாம் வாங்க, நெய்ப்பந்தம் பிடிங்க என்று குரல் கொடுத்தார்கள். செல்வத்தின் பையன்கள் ஓடி வந்தார்கள். பவி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிடவில்லை, தேவி கூப்பிடவில்லை. செல்வம்தான் வந்தான். அழுது வீங்கிய முகத்தோடு வந்து, "நீயும் வாடா பாப்பா, தாத்தாவுக்குப் புடிக்கணும்" என்று அவளை வரிசையில் நிறுத்தினான். குச்சியில் சுற்றிய நெய்த்துணி எரிவதைப் பார்த்து அவள் பயந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உன்னைச் சுற்றி அவளோடு கூடவே நடந்தவன் உன் மகன். சுற்றி முடிக்கும்வரை கையை விடவில்லை. ஊரே பார்த்தது. அன்றைக்கு எந்த ஜாதி என்று எவனும் கேட்கவில்லை.

இதைத்தான், செல்வம் ஹெல்மெட்டோடு வந்துபோன மறுநாள், போனில் அவனிடம் கேட்டேன். "உங்கப்பனை வழியனுப்பப் பேத்தி. உன் மடிக்கு மட்டும் யாரோவா?"

"அது சாவு மாமா. சாவுல எதுவும் தெரியல. இது சீரு. நல்லது."

கேட்டாயா? கெட்டதுக்கு அவள் வேண்டும், நல்லதுக்கு வேண்டாமாம். நெருப்பைப் பிடிக்கலாம், மடியில் உட்காரக் கூடாதாம். உனக்கு அவள் பந்தம் பிடித்தது செல்லும் என்றால் அவள் உன் பேத்தி. உன் பேத்தி என்றால் அவனுக்கு மருமகள். செல்லாது என்றால் உன்னை முறைப்படி அனுப்பவில்லை என்று அவனே ஊரில் சொல்லட்டும். இரண்டில் ஒன்று. நடுவில் நிற்க நான் விட மாட்டேன்.

உன்மீதும் எனக்குக் கோபம்தான். பவியை மொபெட்டின் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு செஞ்சி முழுக்கச் சுற்றினாயே, ஒரு நாளாவது உன் மகனை உட்காரவைத்து, "டேய், இவ உன் மருமவ" என்று வாய்விட்டுச் சொன்னாயா? நான் எத்தனை தடவை சொன்னேன், செல்வத்திடம் பேசு என்று? பாத்துக்கலாம் உடு. பாத்துக்கலாம் உடு. சொல்லிவிட்டு ஒருநாள் காலையில் டீ டம்ளரை வைத்தவன் எழுந்திருக்கவே இல்லை. இப்போது யார் பார்த்துக்கொள்கிறது?

போன வாரம் செல்வம் தன் பொண்டாட்டியிடம் ஒரு ஜோடித் தோடு கொடுத்தனுப்பினான். நல்ல தோடுதான், சிவப்புக் கல் வைத்தது. மாமன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாராம், வரத்தான் மாட்டாராம். தோட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "தோடு கடையில கெடைக்குதும்மா. மாமன் கெடைக்கல. அவன அனுப்பச் சொல்லு" என்றேன்.

அந்தப் பெண் போனதும் தேவி என்மீது பாய்ந்தாள். என் எதிரில் குரல் உயர்த்தாத பெண்.

"நீங்களும் எங்கண்ணனும் எவ்ளோ வேணாலும் சண்ட போட்டுக்கோங்க மாமா. நடுவுல என் பொண்ணு பொட்ட ஒட்டிக்கினு நிக்கிறா. உங்களுக்கு ஜெயிக்கணும். எனக்கு அவ காதுல தோடு போடணும்."

ஜெயிப்பதற்காக இல்லை என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. நான் திருப்பிக் கொடுத்தது சரிதான். இப்போதும் அதையேதான் சொல்வேன். தோட்டை வாங்கி வைத்திருந்தால் அந்தக் கதை அன்றோடு முடிந்திருக்கும். பவி ஆயுசுக்கும் வாசலுக்கு வெளியே நின்றே சீர் வாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. தட்டு நிறையத் தோசை கேட்கும் பிள்ளை, ஒன்றோடு எழுந்துவிடுகிறாள். ராத்திரியும் அப்படித்தான். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன், இல்லை. அப்புறம் அவளே கேட்டாள்.

"தாத்தா, நான் ரொம்ப வெயிட்டா இருக்கேனா?"

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. குட்டிப் பாப்பாங்களத்தான மடியில வெச்சுக் குத்துறாங்க. நான் பெருசாயிட்டேன்ல. மாமாவுக்குக் கால் வலிக்கும்ல. கொஞ்சம் எளச்சா வெச்சுக்குவாரு."

கோவிந்து, அந்தக் குழந்தைக்குக் கிடைத்த காரணத்தைப் பார்த்தாயா? ஜாதி, முறை, ஊர்ப்பேச்சு என்று அவன் அடுக்கியதெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. யாரையும் குறை சொல்லத் தெரியாமல் தன் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டாள்.

நேற்று நேராகச் செல்வத்தின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. உக்காருங்க."

"உக்கார வரல. உன் மருமவ சாப்புட மாட்டேங்குறா. அத்த சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"அவ வெயிட்டா இருக்குறாளாம். அதான் மாமா மடியில வெக்கலியாம். எளச்சா வெப்பாராம். பட்டினி கெடக்குது உன் மடிக்காவ."

அவன் கை மட்டும் ஆணியை அள்ளித் தராசில் போட்டுக்கொண்டே இருந்தது. "அண்ணே, போதும்ணே, நான் கேட்டது அரைக் கிலோதான்" என்றார் ஆணி வாங்க வந்தவர். செல்வம் தட்டை அப்படியே கவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நிறுக்க ஆரம்பித்தான்.

நான் படி இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா. இன்னிக்கிக் காலைல சாப்ட்டாளா?"

நான் திரும்பவில்லை. "வந்து பாரு" என்றேன்.

இன்று இதை எழுதும்வரை அவன் வரவில்லை. அதனால் இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதை ஊரறியச் சொல்லி வைக்கிறேன்.

சங்கர் அந்தத் துப்பாக்கிப் பேச்சை விட வேண்டும். கோயிலில் பந்தலுக்குச் சொல்ல வேண்டும். வேறொரு மேஸ்திரியைக் கூட்டிவந்து உன் ஜன்னலைச் சரிசெய்கிறேன் என்கிறானே, அதில் கை வைக்கக் கூடாது. பவிக்கு அது அப்படியே இருக்க வேண்டுமாம்.

தேவி என்னைத் திட்டிக்கொண்டே இருக்கலாம், ஆனால் அண்ணன் வந்தால் பழசைப் பேசாமல் சோறு போட வேண்டும்.

பூசாரி பங்காளி மடி என்ற யோசனையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

நாலு பேர் கேட்பார்களே என்றான் செல்வம், அந்த நாலு பேரும் இதைப் படித்தால், கேட்காமல் இருக்க வேண்டும். உன்னை எடுத்த அன்றைக்கு இருந்ததுபோல இருந்தால் போதும்.

செல்வம் தோட்டை எடுத்துக்கொண்டு தானே வர வேண்டும். வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வயிறு நிறையச் சாப்பிடும்வரை எழுந்திருக்கக் கூடாது. பந்தம் பிடித்தபோது அவள் கையை விடாமல் வைத்திருந்தானே, ஆசாரி ஊசி எடுக்கும்போதும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். அவனுக்குத் தெரியாத வேலை இல்லை இது.

நான் அவன் வரும்வரை தினமும் அந்தக் கடைக்குப் போவேன். கடை திறக்கும்போது போவேன், அவள் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று வாடிக்கையாளர்கள் எதிரில் சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். என் முட்டி தாங்கும்வரை பஸ் ஏறிப் போவேன், தாங்காவிட்டால் ஆட்டோவில் போவேன். அவள் அவன் மடியில் உட்கார்ந்து எழுந்த அன்றைக்கு, தோடு போட்ட காதோடு உன் படத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, நீ இருக்கும் இடத்திலிருந்து, பாத்துக்கலாம் உடு என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் சம்பந்தி, பவியின் இன்னொரு தாத்தா,
ராமலிங்கம்