சிவப்புப் பொத்தானை அழுத்திவிடவும்

அனுப்புநர்:
அச்சகப் பிழைதிருத்துநர்,
பர்னர் விபத்தில் இறந்த விடுதிக் காப்பாளரின் அக்காள் மகள்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. இம்மனு பல மேசைகளைத் தாண்டித் தங்களிடம் வரும் என்பதால் இங்கே எழுதவில்லை.)

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
கொதிகலன் மற்றும் எரிகருவிப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: பணிபுரியும் பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் உள்ள எண்ணெய் பர்னரின் சிவப்புப் பொத்தானை மாற்றி அமைக்கவும், விசாரணை அறிக்கையில் உள்ள இரண்டு சொற்களை நீக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. என் முந்தைய மனு. 2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் முந்தைய மனுவுக்குப் பதில் அனுப்பியதற்கு நன்றி. பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை என்று தங்கள் அலுவலக வாசலில் காத்திருந்தவர்கள் சொன்னார்கள். ‘புதிய அறிவிப்புத் தகடு பொருத்தப்பட்டு, குறை நிவர்த்தி செய்யப்பட்டது’ என்று அந்தப் பதிலில் இருந்தது. தகட்டைப் போய்ப் பார்த்தேன். தகடு புதியது. குறை பழையது. ஆகவே மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது.

1. மேற்படி விடுதியில் தையல் ஆலையிலும் கடைகளிலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். அறைகளைச் சூடாக வைப்பதும், குளிக்க வெந்நீர் தருவதும் கீழ்த்தளத்தில் உள்ள ஒரே கொதிகலன்தான். அதற்குள் தீ மூட்டுவது எண்ணெய் பர்னர். என் அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, அந்த விடுதியின் காப்பாளராக இருந்தார். படிக்கட்டு கூட்டுவது, சாவி கொடுப்பது, தபால் பிரிப்பது, மற்றவர்கள் எழுமுன் பர்னரை எழுப்புவது எல்லாம் அவருடைய வேலை. அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவரும் அவரே. அவருக்கு ஒரே மகள். எனக்குத் தங்கை.

அந்தப் பர்னருக்குச் சித்தி ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார். எழுப்பினால் உறுமும், எழுப்பாவிட்டால் வீடே விறைத்துப்போகும் என்பார். புகார் மனுவில் இதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விசாரணை அறிக்கை முழுவதும் அவர் ‘மேற்படி பெண் பணியாளர்’ என்றே வருகிறார். அவர் சிரிக்கவும் சிரிக்கவைக்கவும் தெரிந்தவர் என்பது இந்தக் கோப்பில் ஏதாவது ஒரு தாளில் இருக்கட்டும்.

2. தாங்கள் அறிந்ததுதான் என்றாலும், பர்னர் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாக எழுதுகிறேன். கோப்பைப் படிக்கும் எல்லாரும் கீழ்த்தளத்துக்கு இறங்கியிருக்க மாட்டார்கள்.

எண்ணெய் ஓர் ஊசித்துளை வழியாகப் பனிமூட்டம்போல் பீய்ச்சப்படுகிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே பறக்கும் பொறி அதைப் பற்றவைக்கிறது. சுடர் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க ஒரு சிறு கருவி உண்டு. பழுதுபார்ப்பவர்கள் அதைக் ‘கண்’ என்கிறார்கள். சில விநாடிகளுக்குள் கண்ணுக்குச் சுடர் தெரியாவிட்டால் எண்ணெய் தானாக நின்றுவிட வேண்டும். இதுதான் பாதுகாப்பு. அப்படி நின்றுபோன பர்னரை மீண்டும் ஓடவைக்கத்தான் சிவப்புப் பொத்தான்.

இந்தப் பர்னரில், பொத்தான்மீது விரல் இருக்கும்வரை கண்ணின் பேச்சு எடுபடாது. சுடர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணெய் வந்துகொண்டே இருக்கும். இது என் ஊகம் அல்ல. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள மின்சுற்றுப் படமே அப்படித்தான் காட்டுகிறது. எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் அதை ஒரே ஒரு தொடுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளும் பர்னர்கள் வெகுகாலமாகவே இருக்கின்றன. அப்படிப்பட்ட பொத்தானை இதில் வைக்காதது யாருடைய கவனக்குறைவு என்று அறிக்கையில் எங்கும் கேட்கப்படவில்லை.

3. குளிர் மிகுந்த காலைகளில் சுடர் முதலில் மங்கலாக, கரியோடு வரும். கண்ணின் கண்ணாடியிலும் கரி படிந்திருக்கும். விரலை உடனே எடுத்துவிட்டால், எரிகிற சுடர் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் நின்றுவிடும். சற்றுப் பிடித்தபடியே நின்றால் சுடர் வளர்ந்து கண்ணுக்குத் தெரியும்படி ஆகிவிடும். விட்டால் அணைகிறது, பிடித்தால் எரிகிறது. இதைச் சித்திக்கு வேறு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த இயந்திரமே ஒவ்வொரு காலையும் சொல்லித்தந்தது. மேலே படிக்கட்டில் துண்டும் வாளியுமாக நிற்கும் பெண்கள், “என்னக்கா, மாமியார் இன்னும் எந்திரிக்கலையா?” என்று குரல் கொடுப்பார்கள். சித்தி பிடித்துக்கொண்டு நிற்பார்.

4. பர்னரின் நெற்றியில் ஒரு தகடு இருந்தது. அதில் எழுதியிருந்தது இது: ‘தீ அணைந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடவும்.’

‘கதவைச் சாத்திவிடு’ என்று யாராவது சொன்னால், சாத்தியபின் கதவிலிருந்து கையை எடு என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. ‘மருந்தைக் குடித்துவிடு’ என்றால், மிச்சம் வைக்காதே என்று பொருள். சேர்த்து எழுதும்போது ‘விடு’ என்பது தனி வேலை எதையும் சொல்வதில்லை. முன்னால் சொன்ன வேலையை அரைகுறையாக நிறுத்தாதே என்று மட்டும் சொல்கிறது. அழுத்திய பிறகு விரலை எடுக்க வேண்டுமானால் ‘அழுத்தி’ தனியாகவும் ‘விடவும்’ தனியாகவும் நிற்க வேண்டும். நடுவில் ஓர் எழுத்தளவு வெற்றிடம் வேண்டும். தகட்டில் அது இல்லை.

சித்தி அதிகம் படித்தவர் அல்ல. ஆனால் எழுதியிருப்பதை மீறாதவர். காலியான பேருந்தில்கூட ‘முதியோருக்கு மட்டும்’ என்று எழுதிய இருக்கையில் உட்காரமாட்டார். நாங்கள் கேலி செய்தால், எழுதினவங்க சும்மாவா எழுதியிருப்பாங்க என்பார்.

5. சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை பர்னர் பற்றவில்லை. பொறி பறக்கும் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்ததால் பொறி விட்டுவிட்டு வந்தது என்று பிறகு தெரிந்தது. சித்தி வழக்கம்போல் பொத்தானை அழுத்திப் பிடித்தார். எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. கொதிகலனுக்குள் செங்கல் நனைந்து, தீ எரியும் அறை முழுவதும் எண்ணெய் ஆவி நிறைந்தது. பிறகு பொறி வந்தது.

சிவப்புப் பொத்தான், தீயைப் பார்க்கும் சிறு இரும்புக் கதவுக்கு நேர் கீழே அமைந்திருக்கிறது. குனிந்து பொத்தானை அழுத்துகிறவரின் முகம் சரியாக அந்தக் கதவுக்கு எதிரே வரும். தீ வெடித்து வெளியே வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். பர்னரை வடிவமைத்துப் படம் வரைந்தவருக்கு இது ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணை வேறு பக்கம் தள்ளி வரைந்திருக்கலாம்.

6. மருத்துவமனையில் அவர் அந்த வாரக் கடைசிவரை இருந்தார். முகம், கழுத்து, இரண்டு கைகள். அதற்குமேல் விவரிக்க விரும்பவில்லை. மருத்துவ அறிக்கை தங்களிடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். வலது கட்டைவிரலின் நுனியில் மட்டும் தோல் அப்படியே இருந்தது. பொத்தான்மேல் பதிந்திருந்த இடம் அது.

வாக்குமூலம் எழுத வந்தவர், கையெழுத்துப் போட முடியாத நிலையில் இருந்த அவரிடம் அந்த நுனியில் மை தடவிக் கைநாட்டு வாங்கிச் சென்றார். அவர்மேல் தவறில்லை, வேறு விரல் இல்லை. ஆனால் அந்தக் கைநாட்டைப் பார்த்து, விசாரணை அறிக்கை என் சித்தியை ‘எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆகவே அறிவிப்பைப் புரிந்துகொள்ளாமல் கவனக்குறைவாக நடந்துகொண்டவர்’ என்று முடிவு செய்திருக்கிறது. விடுதியின் தபாலை அறைவாரியாகப் பிரித்துக்கொடுத்தவரை.

அவர் தெளிவாகப் பேசிய கடைசி வாக்கியத்தை நானும் தங்கையும் கேட்டோம். “எழுதியிருந்த மாதிரிதானேடி அழுத்துனேன்” என்றார். தங்கையிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

7. விசாரணையின்போது அதிகாரி தகட்டு வாசகத்தை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். ‘அழுத்தி’ என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘விடவும்’ என்று முடித்தார். அந்த மூச்சு அவருடையது, தகட்டில் இல்லை என்று சொல்ல எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். அறிக்கையில் அந்த வாசகம் நடுவில் இடைவெளியோடு அச்சாகியிருக்கிறது. தட்டச்சு செய்தவர் தம்மையறியாமலே திருத்தியிருக்கிறார். நல்ல பழக்கம்தான். என் தொழிலும் அதுவே. ஆனால் அந்தத் திருத்தம் சித்தியின்மேல் விழுந்துவிட்டது.

குளிர்காலத்தின் தொடக்கத்தில் பர்னரைச் சுத்தம் செய்ய வரும் மெக்கானிக், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எங்களிடம், எல்லா இடத்திலும் இப்படித்தான் பிடிக்கிறார்கள், தானும் பிடிப்பதுண்டு என்று சொன்னார். விசாரணையில், பொத்தானைப் பிடிக்கக் கூடாது என்று பலமுறை எச்சரித்ததாகச் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு வேலை கொடுப்பது பர்னர் தயாரிப்பாளர். மெக்கானிக்மீது நடவடிக்கை எதுவும் நான் கோரவில்லை. அவர் தாழ்வாரத்தில் சொன்னதை அச்சமின்றி மீண்டும் சொல்லும்படியான ஒரு நிலையைத் தங்களால் உண்டாக்க முடியும் என்று மட்டும் நம்புகிறேன்.

8. முந்தைய மனுவில் மூன்று கோரிக்கைகள் வைத்திருந்தேன். தங்கள் அலுவலகம் அவற்றில் எளிதானதை எடுத்துக்கொண்டது. மனுவை வாங்கிய எழுத்தர், “ஒரு இடைவெளிக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று கேட்டார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். இப்போது புதிய தகட்டில் அந்த இடைவெளி இருக்கிறது. பார்த்தவுடன் எனக்கு ஏற்பட்டது நிறைவு அல்ல. வாக்கியம் சரியாகிவிட்டது, இயந்திரம் அப்படியே இருக்கிறது. இனி அதே பொத்தானைப் பிடித்து ஒருவர் எரிந்தால், அப்போது தகட்டிலும் பிழை இருக்காது. குற்றம் முழுவதும் எரிந்தவருடையதாகிவிடும். இதைச் செய்துகொடுத்தது என் மனுதான் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

9. இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. சித்தியின் இறப்புக்குப் பின், கருணை அடிப்படையில் அவருடைய வேலையை விடுதி நிர்வாகம் என் தங்கைக்குக் கொடுத்திருக்கிறது. நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். அந்த வேலையோடு வரும் அறைதான் அவளுக்கு வீடு. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. அதே கீழ்த்தளம், பீங்கான் மாற்றிப் பழுது நீக்கிய அதே பர்னர், அதே பொத்தான். கரும்புகை படிந்த சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

முதல் குளிர் வந்த அன்று அவளோடு கீழே இறங்கினேன். அவள் குனிந்து, கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, பிடித்துக்கொண்டு நின்றாள். தகட்டைக் காட்டினேன். “படிச்சேன்க்கா. விட்டா அணைஞ்சிடுது. மேல எல்லாரும் குளிருல நிக்கிறாங்க. நான் என்னதான் பண்றது, சொல்லு” என்றாள். அவள் என்னைக் கோபிக்கவில்லை. பதில் கிடைக்குமா என்றுதான் கேட்டாள். அந்தப் பதில் தங்களிடம் இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவளோடு கீழே போகிறேன். அவள் விரல் பொத்தானைத் தொட்டதும், “விடு” என்று சொல்கிறேன். விடுகிறாள். அணைகிறது. மறுபடி அழுத்துகிறாள். மறுபடி சொல்கிறேன். மேலே திட்டுகிறார்கள். அறைகள் சூடாக வெகுநேரம் ஆகிறது. அவளுடைய வேலைக்கே இது ஆபத்து என்று நிர்வாகி ஒருமுறை எச்சரித்திருக்கிறார்.

இதே சொல்லை எனக்கும் பலர் சொல்கிறார்கள். உறவினர்கள், அச்சகத்தில் உடன் வேலை பார்ப்பவர்கள், தங்கள் அலுவலகத்தின் அந்த எழுத்தரும்கூட. “விட்டுடும்மா, போனவங்க போயிட்டாங்க” என்கிறார்கள். போனவருக்காக மட்டும் எழுதுவதாக இருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

ஆகவே, ஐயா, விரல் எவ்வளவு நேரம் இருந்தாலும் சுடர் இல்லையென்றால் எண்ணெயை நிறுத்தும் பொத்தானை, இரும்புக் கதவுக்கு எதிரே அல்லாமல் வேறு பக்கத்தில் பொருத்தும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட வேண்டுகிறேன். மேற்படி விடுதிக்கு மட்டுமின்றி, இதே மாதிரி பர்னர் ஓடும் எல்லாக் கீழ்த்தளங்களுக்கும் இது வேண்டும். அது நடக்கும்வரை இந்தப் பர்னரை நிறுத்திவைத்து, விடுதிக்கு வேறு வழியில் சூடு கிடைக்கச் செய்ய வேண்டும். விசாரணை அறிக்கையிலிருந்து ‘படிக்கத் தெரியாதவர்’, ‘கவனக்குறைவு’ என்ற இரண்டையும் நீக்க வேண்டும். அவர் படித்தார். படித்தபடி செய்தார்.

வரும் திங்கள் முதல் எனக்கு அச்சகத்தில் காலை முறைப் பணி. கீழ்த்தளத்தில் என் தங்கையின் பக்கத்தில் நின்று “விடு” என்று சொல்ல ஆள் இருக்காது. அதற்குள் தாங்கள் ஒருமுறை அங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: விடுதியின் கீழ்த்தளம்
நாள்: நவம்பர் 9, வியாழன்

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(கையொப்பம்)

இணைப்பு: 1. பெயர், முகவரித் தாள். 2. பழைய தகட்டின் புகைப்படம். 3. சித்தி தபால் பிரித்து அறை எண் எழுதிய உறை ஒன்று, அவருடைய கையெழுத்தில்.