இறால்கொடிக் கழகத்தின் எட்டாம் ஆள்

மலை ஏழும் துறை மூன்றும் ஒரு குடைக்கீழ் நிற்க, நிலம் நனைய மழையும் களம் காய வெயிலும் வேளை தவறாது வருக. பேரரசர் செங்கோல் வளையாது நீடுக. அப்பேரரசரின் ஆடற்பேரவைக்குத் தலைவரும், எழுபத்திரண்டு கழகங்களின் வழக்குத் தீர்ப்பவரும், இளமையில் யானையை எதிர்த்து வடம் இழுத்து, யானை உறங்கிவிட்டமையால் வென்றவர் என்று எங்கள் கரைவரை புகழ் பரந்தவருமான மழவரையனார் திருமுன்பு, கழிமுனை நாட்டுச் சிற்றரசர் நல்லெயினனார் ஆணைப்படி அவருடைய ஓலைநாயகம் தாழைநங்கை வணங்கி எழுதுவது. அங்கே தங்கள் மனையும் பேரவையும் நலம் பெறுக. இங்கே உப்பு நன்றாக விளைகிறது. மற்றவை வருமாறு.

எங்கள் ஊரில் புதிதாகத் தொடங்கிய வடமிழுப்புக் கழகத்தைப் பேரவையில் சேர்க்க இயலாது என்று தாங்கள் அனுப்பிய மறுப்போலை வந்து சேர்ந்தது. கொடி வீரத்துக்கு ஒவ்வாதது, கண்காணிக்குக் கையூட்டாக உப்பு குவித்தது, எட்டுப் பேர் வேண்டிய அணியில் ஏழு பேரே நின்றது என்று குற்றம் மூன்று அதில் கண்டோம். கார்த்திகை முடிவதற்குள் தக்க மறுமொழி வராவிடில் எங்கள் வடத்தைப் படைக்கலமாகக் கருதிப் பறிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மறுமொழி இதுவே. முதல் விண்ணப்பத்தின் படியையும் கண்காணியார் எடுத்துச் சென்றுவிட்டமையால் எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதுகிறேன். மறந்தவை இருக்கலாம், சேர்த்தவை இல்லை.

கழகம் எதற்கென்று முதலில் சொல்ல வேண்டும். கணவாய்ப் போருக்குப் பின் எங்களைப் போன்ற கரைநாடுகளுக்குப் பேரரசர் இட்ட ஆணை தாங்கள் அறிந்ததே: எழுவருக்கு மேல் ஓரிடத்தில் கூடலாகாது, வழிபாடு, மணம், சாவு, பேரவை ஏற்ற ஆட்டம் ஆகிய நான்குக்கு மட்டுமே விலக்கு. இவற்றுள் சாவுக்காக நாங்கள் போதிய அளவு கூடிவிட்டோம். போருக்குச் சென்ற முப்பத்தொருவரில் திரும்பியவர் இருவர். என் கணவர் பரஞ்சாத்தன் அந்த இருவரில் ஒருவர் அல்லர். அவர் வகித்த ஓலைநாயகப் பதவி அவ்வாறே என் கைக்கு வந்தது. வேறொன்றுக்காகவும் ஒருமுறை கூடிப் பார்க்க வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியது. போருக்கு முன் நாங்கள் மாலைதோறும் வடம் இழுத்தவர்கள். பழைய வடமும் தோணிக்கொட்டிலில் அப்படியே கிடந்தது.

பேரவை ஏற்கும்வரை பழகுவதற்கு வழி? வழிபாட்டில் வடம் பிடிக்க எங்கள் கழியம்மைக்குத் தேர் இல்லை. எஞ்சியது மணம். ஆகவே கூத்தனுக்கும் அல்லிக்கும் மணம் செய்தோம். எட்டு நாள் கழித்து அவர்களுக்கே மீண்டும் செய்தோம். ஆவணிக்குள் பதினொரு முறை தாலி ஏறியது. ஆறாவது மணத்தன்று எல்லைக்காவலன் வந்து, மணமகனை முன்பே எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறதே என்று ஐயுற்றான். அல்லி அவனுக்கு இலை போட்டபடி, “இவரை நம்பி ஒரு தாலி போதுமாண்ணே? நீங்களே சொல்லுங்க” என்றாள். அவனும் கூத்தனை ஏற இறங்கப் பார்த்து, போதாது என்று ஒப்புக்கொண்டு உண்டு சென்றான். இதைத் தங்களிடம் மறைத்து ஒரு கழகம் தொடங்க நாங்கள் விரும்பவில்லை.

இனிக் கொடி. ஒவ்வொரு கழகமும் ஒரு வீரவிலங்கைக் கொடியில் எழுத வேண்டும் என்பது தங்கள் விதி. புலி, கரடி, யானை எல்லாம் மலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. எங்கள் கழியில் உள்ளவற்றுள், பின்னோக்கிப் பாய்ந்தே பிழைப்பது இறால். வடமிழுப்பிலும் பின்னால் போகிறவரே வெல்கிறார்; புலி அந்தக் களத்தில் முன்னால் பாய்ந்தால் தோற்றுவிடும். பேரவை இதைச் சிந்தித்துப் பார்க்கட்டும்.

அடுத்தது உப்பு. அணியினரை நிறுத்துப் பார்த்து எடை குறிக்க வேண்டும் என்று தங்கள் கண்காணி புகழ்மாறனார் புரட்டாசியில் வந்தார். எங்கள் ஊரிலோ மனிதர் துலையேறுவது அம்மைக்கு மட்டுமே. தட்டில் அமர்ந்தவர், எதிர்த்தட்டில் தம் எடைக்கு எடை உப்பு வைத்து, முள் நேர் நின்ற பின்பே இறங்கலாம். அந்த உப்பு அம்மை சந்நிதிக்குப் போகும். எடை பார்க்கப் போகிறார்கள் என்று ஊரில் பறையறைந்ததும், பேரவை அம்மைக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது போலும் என்று மகிழ்ந்து, ஆளுக்கு நான்கு கூடை உப்போடு வந்துவிட்டார்கள். கண்காணியார் அவ்வளவு உப்பை ஒருங்கே கண்டதில்லை. தலைநகரில் அதற்கு என்ன மதிப்பு என்பதை அவர் முகத்தில் பார்த்தே நாங்கள் அறிந்துகொண்டோம். “இது எதற்கு? இது எதற்கு?” என்று இருமுறை கேட்டார். உமணர் தலைவி கொற்றி, “ஒங்களுக்கில்ல ஐயா, பயப்படாதீங்க” என்றாள்.

அதோடு நின்றிருக்கலாம். துலையில் எவரும் முதலில் ஏறத் தயங்கவே, தாமே ஏறிக் காட்டினால் அச்சம் தீரும் என்று எண்ணி, கண்காணியார் தட்டில் அமர்ந்துவிட்டார். கொற்றி ஓடிவந்து தட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். ஓலைக்காகச் சீவி எழுதினால் உண்மை உதிர்ந்துவிடும்.

“எறங்காதீங்க ஐயா! முள்ளு நேரா நிக்காம எறங்குனா ஊருக்கே ஆகாது. ஏ கூத்தா, கூடையக் கொண்டா. இன்னொண்ணு. இன்னொண்ணு. ஐயா காலையில சாப்டுட்டா வந்தீங்க?”

“நான் பேரவையின் கண்காணி” என்றார் அவர், தட்டு தரையைவிட்டு எழாமலே.

“அதுவும் சேத்துத்தான ஐயா எடை காட்டுது.”

களத்தில் இருந்த உப்பு போதவில்லை. தென்பாத்திக்கு ஆள் அனுப்பி வரவழைத்தோம். அதுவரை அவர் தட்டிலேயே இருந்தார். வெயில் படாமல் இறால்கொடியைத்தான் மேலே பிடித்தோம். முள் நேர் நின்றபோது ஊரே குலவையிட்டது. அவர் தம் அறிக்கையில் ‘துலையில் சிறைவைத்து உப்பால் மறித்தனர்’ என்று எழுதியது அதைத்தான். அந்த உப்பு அவர் பெயராலேயே அம்மை சந்நிதியில் இடப்பட்டது. தாடியில் ஒட்டியிருந்த சிறிது தவிர, அவர் ஒரு கல்லும் கொண்டுபோகவில்லை.

மூன்றாம் குற்றம் எஞ்சியது. இதற்கு நான் முதலில் எழுதிய விடை இது: எழுவருக்கு மேல் கூடலாகாது என்பது ஆணையாகையால், பேரவையின் ஏற்பு வரும்வரை எட்டாமவரை நிறுத்துவது அரச துரோகம், ஆகவே பணிவின் பொருட்டே ஏழு பேர் நின்றார்கள். நல்ல விடைதான். நல்லெயினனார் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் ஊரே கூடி உப்பு சுமந்த களத்தில் எட்டாமவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்தப் பணிவு என்று தாங்கள் கேட்பீர்கள். அதனால் அதை நானே அடித்துவிட்டு, உண்மையைக் கேட்டறியக் கொற்றியிடம் சென்றேன்.

வடத்தின் கடைசியில், கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்பவரை எங்கள் ஊரில் நங்கூரம் என்போம். பெயர்ப்பட்டியலில் அந்த இடத்துக்கு நேரே ‘பின்னர் நிரப்பப்படும்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்; ஊரார் அவ்வாறு சொன்னார்கள், எழுதினேன். நிற்க ஆளா இல்லை? பதினொரு மணங்களிலும் எழுவர்க்கு எழுவராகவே இழுத்தார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கொற்றி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். “அது உன் ஆளு நின்ன எடம் தாயி. நீ ஒரு வார்த்த சொல்லாம அங்க எவன் காலை வைப்பான்?”

நான் எவரையும் தடுக்கவில்லையே என்றேன்.

“தடுக்கல. நில்லுன்னும் சொல்லலயே. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வந்த, கல்யாணச் சோறு தின்ன, அந்த எடத்தப் பாக்காமலே போன. நாங்க என்னத்த நெனைக்கிறது?”

ஊர் அவரை மறந்துவிட்டு விளையாடுகிறது என்று நான் நினைத்திருந்தேன். நான் அவருக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று ஊர் நினைத்திருக்கிறது. பதினொரு மணங்களும் இப்படியே மரியாதையாகக் கழிந்திருக்கின்றன. எழுதத் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர்; கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

யாரை நிறுத்தலாம் என்று கேட்டேன். அவள் இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன், எழுத்தாணி புடிச்ச கைக்கு வடம் கசக்குதா?”

மறுநாள் முற்பகல் துலையேறினேன். இரண்டரைக் கூடையில் முள் நேராகிவிட்டது. “நங்கூரமா இது? தூண்டில் முள்ளு!” என்றாள் கொற்றி. ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். நங்கூரம் கனமாக இருக்க வேண்டும் என்று பேரவை விதிகளில் எங்கும் இல்லை. நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

எனவே பெயர்ப்பட்டியலைத் திருத்தி இத்துடன் கோத்திருக்கிறேன். எட்டாம் இடத்தில் ‘பரஞ்சாத்தன் மனைவி தாழைநங்கை, எடை உப்புக்கூடை இரண்டரை’ என்றிருப்பதைப் பேரவை கண்டு, எங்கள் கழகத்தை எழுபத்து மூன்றாவதாக ஏற்று ஏற்போலை அருளுக.

கார்த்திகை முடிவதற்குள் அது வரினும் வாராதொழியினும், மார்கழி முதல் நாள் கடல் வற்றிய வேளையில், பட்டப்பகலில், மணமேதும் இன்றி, எட்டுப் பேரும் கழிமுனைக் களத்தில் வடம் பிடிப்போம். ஏழு பேர் நிற்பதைப் பேரரசரே பொறுத்திருக்கிறார். ஆணையை மீறுகிறவர் எட்டாவதாக வந்து சேர்ந்தவர் ஒருவரே. பிடிக்க வரும் காவலர் எவரையும் விசாரித்து அலைய வேண்டியதில்லை. நான் வடத்தின் கடைசியில் இருப்பேன். கயிறு இடுப்பில் சுற்றியிருக்குமாதலால் என்னால் ஓடவும் முடியாது.

இவ்வண்ணம் எழுதி, நல்லெயினனார் கேட்க முழுதும் வாசித்து, ஒரு சொல்லும் நீக்க வேண்டாம் என்று அவர் ஆணையிட்டதன்பின், கழிமுனை நாட்டுச் சங்குப்பொறி இட்டுக் கட்டிய ஓலை. கொண்டுசெல்பவர் விடை பெறாது திரும்பற்க.

இவை ஓலைநாயகம் தாழைநங்கை எழுத்து.