என் தலைக்கு மேலிருந்த ராஜா

அன்புள்ள ஈனிட்,

நேற்று யார்க் சந்தையில் மழையில் அலைந்து, ரயில்பெட்டி இருக்கைக்கு மேலே மாட்டும் பழைய படம் ஒன்றை வாங்கினேன். கடலைப் பின்வாங்கச் சொல்லும் அந்தக் காலத்து இங்கிலாந்து ராஜா கனூட். அலை அவர் காலை நனைக்கிறது. மரச்சட்டத்தில், நான் தூங்கும்போது நீ கொண்டை ஊசியால் கீறியிருக்கும் உன் முதலெழுத்து.

அப்போதெல்லாம் விட்பி ரயிலில் நாம் எதிரெதிரே உட்காருவோம். அவரவர் தலைக்கு மேலுள்ள படம் அவரவருக்குத் தெரியாது. நான் அதிகாரம் பண்ணும்போதெல்லாம் நீ என் தலைக்கு மேலே பார்த்துச் சிரிப்பாய்.

"என்னடி சிரிப்பு?"

"நீங்க பேசுங்க ராஜா, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

நீ உன் தங்கை வீட்டுக்குப் போனபின் இங்கே அதட்ட ஆளில்லை. அலுத்துவிட்டது.

"நல்ல விலை தர்றேன்யா, குடு" என்று பக்கத்துப் பழம்பொருள் கடை வால்டர் கெஞ்சினான். கொடுக்கவில்லை. உன் நாற்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். அதன் கீழேதான் உட்கார்ந்திருப்பேன். வந்து சிரி.

இப்படிக்கு,
கால் நனைந்தவன்