கிழக்கு மாகாணத்துக்கு ஒரே கடை

காக்கா,

நேற்று அஸர் தொழுதுவிட்டு வரும்போது உங்கள் கடைப்பக்கம் சீனிப்பாகு கொதிக்கிற வாசனை வந்தது. அதில் ரோஸ் எசன்ஸ் விழுந்தவுடன் கிளம்புமே, தெருவில் போகிறவனை நிறுத்தி வைக்கிற வாசனை, அதுதான். நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போய் இத்தனை வருடம் ஆன பிறகும் அது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது துஆ இல்லை, எரிச்சல். அல்லாஹ் மன்னிக்கட்டும். என் பேக்கரியில் பாண் வேகிற வாசனைக்கும் ஆட்கள் வந்தார்கள்தான். ஆனால் பாண் வாங்குகிறவன் விடியற்காலையில் தூக்கக் கண்ணோடு வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். உங்கள் சர்பத்துக்கு வருகிறவன் சிரித்துக்கொண்டு வருவான், உட்காருவான், இரண்டாவது கிளாஸ் கேட்பான். எதிர்ப்பக்கத்தில் மாப்படிந்த கையோடு நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவையும் தங்கையையும் கட்டிய இரண்டு ஆண்களை ஒரே வளவுக்குள் குடிவைத்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வைப்பார்கள். கல்முனையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருகிறவன். மாமி தன் மூத்த மகளுக்குத் தெருப்பக்கத்துக் கல்வீட்டைக் கொடுத்தார். இளைய மகளுக்கு, அதாவது எனக்கு, கிணற்றடிக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த வீடு. நான் எங்கே போவதென்றாலும் உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். நண்டுக்கறி ஆக்கினால் பெரிய நண்டு உங்கள் பீங்கானுக்குப் போகும். மூத்த மருமகனாம். மருமகன் மூத்தவர் என்றால் நண்டும் மூத்ததாக இருக்கவேண்டுமா என்று ஒருநாள் என் மனைவியிடம் கேட்டேன். “நண்டுக்கெல்லாமா எரிவீங்க?” என்றாள். “ஓம், நண்டுக்கும்தான்” என்றேன்.

படக்காரர் வந்தது ஐம்பதுகளில், மாரி மழை விட்டு வயல் பச்சை பிடித்திருந்த நாட்களில். கறுப்புக் கார், முழுக்காற்சட்டை, மூன்று கால் வைத்து நிறுத்துகிற படப்பெட்டி. என் பேக்கரிக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு என்னிடமே “சர்பத் கடை எது?” என்று கேட்டார். எதிரில் பலகை தொங்குகிறது, கண் தெரியாதா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு கையை மட்டும் காட்டினேன்.

உள்ளே அவர் சொன்னதெல்லாம் பிறகு உங்கள் வாயாலேயே கேட்டது. இலங்கையின் சிறந்த கடைகளைப் படம் பிடிக்கிறார்களாம். படமாளிகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் போட்டுக் காட்டுவார்களாம். கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் சனங்கள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சர்பத் போத்தலுக்கு ஓடர் அனுப்புவார்களாம். மாகாணத்துக்கு ஒரே கடைதான். கிழக்கு மாகாணத்துக்கு உங்கள் கடை தெரிவாகிவிட்டது. படச்சுருளுக்கும் அதைக் கழுவுவதற்கும் ஆகிற செலவை மட்டும் முன்கூட்டிக் கொடுத்தால் போதும். யார் தெரிவு செய்தது என்று நீங்கள் கேட்கவில்லை. புகழ வந்தவனிடம் யார்தான் ஊர் பேர் விசாரிக்கிறார்கள்.

போகும்போது ஒன்று சொன்னாராம். அதில்தான் அவருடைய கெட்டித்தனம் முழுதும் இருந்தது. “படம் திரைக்கு வரும் வரைக்கும் வெளியில கதைக்காதீங்க. கண்ணூறு பட்டிடும்.” எங்கள் ஊர் வியாபாரியைப் பற்றி யாரோ அவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மூட்டை மூட்டையாக நெல் விளைந்தாலும் “என்னத்த விளைஞ்ச, எல்லாம் பதர்தான்” என்கிறவர்கள் நாங்கள். கடையில் கூட்டம் நிற்கும்போதே “யாவாரம் மந்தம்” என்போம். போதாக்குறைக்கு, சினிமாவில் முகம் காட்டப் போகிற செய்தி பள்ளிவாசலுக்குத் தெரிந்தால், தொழவைக்கிற லெப்பை சும்மா விடமாட்டார். ஆகவே யாரும் யாரிடமும் வாய் திறக்க வழியே இல்லை.

நீங்களும் திறக்கவில்லை. பெண்கள் திறந்தார்கள். கையில் இருந்தது போதாமல், உங்கள் மனைவியின் சீதன வயலை ஈடு வைப்பதென்று முடிவெடுத்திருந்தீர்கள். அவரை நானும் என் மனைவியைப் போல ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். சாகாமத்துக் குளத்துத் தண்ணீர் பாய்கிற அந்த வயலை மாமி பிரிக்காமல் இரண்டு மகள்மார் பேரிலும் ஒரே உறுதிப் பத்திரமாக எழுதியிருந்தார். ஒருத்தியின் பாதியை ஈடு வைக்கவும் மற்றவளின் ஒப்பம் வேண்டும். கிணற்றடியில் ராத்தா கேட்க, என் மனைவி பயந்துபோய் என்னிடம் வந்து சொன்னாள். அந்த வயல் கைமாறினால் இரண்டு வீட்டு அடுப்புக்கும் நெல் இல்லை.

ஆனால் எனக்கு முதலில் வயல் நினைவு வரவில்லை, காக்கா. ஏன் உங்கள் கடை, ஏன் என் பேக்கரி இல்லை, இதுதான் வந்தது. நாடு முழுதும் உங்கள் முகம் பெரிதாகத் திரையில் தெரிவதையும், நான் இந்த மூலையில் மாப்பிசைந்துகொண்டு நிற்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

அடுத்தநாள் பகல் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வெளியூர்க்காரர் தங்குகிற வாடிவீட்டுக்குப் போனேன். படக்காரர் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். “எங்கட பாணும் நல்ல பாண்தான்” என்றேன். வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்களைத் தேடி நானே வர இருந்தேன். கிழக்கு மாகாணத்துக்கு உங்க பேக்கரியும் தெரிவாகியிருக்கு.”

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. உங்களைத் தள்ளிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். “அப்ப சர்பத் கடையை நீக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு. நீங்க அவருக்குச் சொல்லாதீங்க. கண்ணூறு பட்டிடும்.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மகிழ்ந்துபோய்த் தலையாட்டியிருப்பான். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரே கடை என்றால் ஒரே கடையாக இருக்கவேண்டும். பெரிய நண்டுதான் எனக்கில்லை, இதிலும் உங்களோடு பங்கா? நீங்களும் இருக்கிற பெருமை எனக்கு வேண்டாம். வாடிவீட்டுப் படி இறங்கும்போதுதான் புத்தி மெல்ல வேலை செய்தது. ஒரு இடத்துக்கு இரண்டு பேர் இருக்கலாம் என்றால், மூன்றாவது ஆளும் எங்காவது இருப்பானே.

அட்டாளைச்சேனைக்கு பஸ் ஏறினேன். அங்கே குடைக்கடை வைத்திருந்த ஒருவர் எனக்குப் பழக்கம். சுற்றி வளைக்காமல் “உங்களையும் படத்துக்குத் தெரிஞ்செடுத்திருக்காமே?” என்று கேட்டேன். மனிதர் வெளிறிப்போய் என்னைக் கடைக்குள் இழுத்தார். “மெல்லக் கதைங்க. உங்களுக்கு ஆர் சொன்ன?” என்றார். அவரும் கிழக்கு மாகாணத்துக்கு ஒரே கடைதான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு உங்கள் முன்னால் வந்து நின்றேன். நான் சொல்லத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

“தம்பி, உங்களுக்குப் பொறாமை.”

“ஓம், பொறாமைதான்” என்றேன். “இல்லாட்டி நான் வாடிவீட்டுக்குப் போயிருப்பனா? என்ட பேக்கரியையும் எடுங்கெண்டு போய்க் கேட்டன், காக்கா. கேட்டதாலதான் தெரியவந்த, என்னையும் அட்டாளைச்சேனைக் குடைக்கடையையும்கூடத் தெரிஞ்செடுத்திருக்காரெண்டு.”

ராத்தா கதவு மறைவில் நின்றார். வயல் உறுதி உங்கள் மடியில் இருந்தது. மறுநாள் காலை ஈடு எழுத ஏற்பாடாகியிருந்தது. என் வெட்கத்தை உங்கள் முன்னால் அவிழ்த்து வைத்ததைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், விலைக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோல. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவேயில்லை. பிறகு உறுதியை எடுத்து ராத்தாவிடம் நீட்டி “உள்ள வைங்க” என்றீர்கள். அவ்வளவுதான். குடைக்கடைக்காரரின் பேரைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

மறுநாள் படக்காரர் வந்தார். நான் எதிரில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“நல்லா எடுங்க தம்பி” என்றீர்கள். “கழுவிக்கொண்டு வந்து எங்கட ஊர்ல போட்டுக் காட்டுங்க. காட்டின அண்டைக்கே சல்லி தாறன்.”

“செலவை முதல்ல தந்தாத்தானே கழுவலாம்.”

“நான் சர்பத்தைக் குடிக்கக் குடுத்திட்டுத்தான் சல்லி வாங்குறன். நீங்களும் அப்படிச் செய்யுங்களன்.”

அவர் சிரித்தார், கெஞ்சினார், சந்தர்ப்பம் கைவிட்டுப் போகும் என்றார். நீங்கள் ஒரு கிளாஸ் சர்பத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு வேறு வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பினீர்கள். படப்பெட்டியின் மூன்று காலையும் மடக்கிக்கொண்டு போனவர் பிறகு அந்தத் தெருவுக்கு வரவில்லை.

அதோடு நீங்கள் விட்டிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைக்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பள்ளி வாசலில் நின்று, லெப்பையும் கேட்கும்படி, “என்னைக் கிழக்கு மாகாணத்துக்கு ஒரே கடையெண்டு தெரிஞ்செடுத்தாங்க. வேற ஆரும் இருக்கிறீங்களா?” என்று கேட்டீர்கள். எல்லாரும் குனிந்து செருப்பையே தேடினார்கள். பிறகு புடவைக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். சைக்கிள் கடைக்காரர் கையைத் தூக்கினார். மாவடிப்பள்ளியிலிருந்து தொழ வந்திருந்த அரிசி ஆலைக்காரர், தான் கொடுத்தே விட்டதாகச் சொல்லிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கொடுத்தவர்களுக்குப் போனது போனதுதான். கொடுக்காதவர்கள் தப்பினார்கள்.

ஊர் உங்களைத் தூக்கி வைத்துக்கொண்டாடியது. சர்பத்துக்காரர் புத்தி யாருக்கு வரும் என்றார்கள். “கண்டுபிடிச்சது என்ட சகலன்தான்” என்று நீங்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லத்தான் செய்தீர்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அதை உங்கள் பணிவு என்று எடுத்துக்கொண்டு, அதற்கும் உங்களையே புகழ்ந்தார்கள். அந்த மாதம் முழுதும் நான் பாணைக் கருக்கினேன். உங்கள் ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தபோதும் அதே எரிச்சல்தான். நான் அழுதேன், காக்கா, பொய்யில்லை. அழுதுகொண்டே, எனக்கு இதில் பாதியாவது வருமா என்று எண்ணினேன்.

இப்போது ஊரில் தொலைக்காட்சி வந்துவிட்டது. லெப்பை வீட்டுக் கூரையிலும் அன்டெனா நிற்கிறது. நேற்று அந்த வாசனை பொறுக்காமல்தான் உங்கள் கடைக்குள் ஏறினேன். உங்கள் மகளைக் கட்டி, இப்போது கடையை நடத்துகிற மருமகனுக்கு முன்னால் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பொடியன் உட்கார்ந்திருந்தான். சாதனை வியாபாரிகள் என்று ஒரு நிகழ்ச்சியாம். பெயர் தெரிந்த ஒருவர் வந்து பேட்டி காண்பாராம். நாடு முழுதும் பார்க்குமாம். நிறைய விண்ணப்பத்துக்குள் இந்தக் கடை தெரிவாகிவிட்டதாம்; உங்கள் மருமகன் விண்ணப்பமே போடவில்லை. தயாரிப்புச் செலவை மட்டும் இந்தக் கிழமைக்குள் கட்டவேண்டும். போட்டிக் கடைக்காரர்களுக்குத் தெரியவேண்டாம் என்றும் சொன்னான். கண்ணூறு என்ற சொல் ஒன்றுதான் அவன் வாயில் வரவில்லை.

அவன் போனதும் “மகன், இதுக்குச் சல்லி கட்டாதீங்க” என்றேன்.

மருமகன் மரியாதையான பிள்ளை. சிரித்துக்கொண்டே, “மாமா, எங்கட கடையில உங்களுக்கு எப்பவும் ஒரு எரிச்சல்தானே” என்றான்.

உள்ளே கசகசா புடைத்துக்கொண்டிருந்த ராத்தா சுளகை நிறுத்தினார்.

“எரிச்சல்தான் மகன். ஆருக்குத் தெரியாது? உங்கட மாமா ஹயாத்தோட இருக்கக்குள்ள புதுசா எது செய்யிறெண்டாலும் முதல்ல இவருக்குத்தான் சொல்லுவார். சொல்லிட்டு இவர்ட மூஞ்சியைப் பாப்பார். ‘சகலன்ட மூஞ்சி கறுத்து, கதைக்காமப் போனா நல்ல யாவாரம், எடுப்பம். கறுத்த மூஞ்சியோட நிண்டு கதைச்சாரெண்டா உட்டுருவம்’ எண்டு என்னட்டச் சொல்லுவார்.”

எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஐஸ் பெட்டி வாங்கப்போவதை முதலில் எனக்குத்தான் சொன்னீர்கள். சம்மாந்துறையில் இரண்டாவது கடை போடப்போவதையும் எனக்குத்தான் சொன்னீர்கள். என்னைக் குத்திப் பார்க்கத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். நீங்கள் மறுநாளே காரியத்தில் இறங்குவீர்கள். உங்களுக்கு நல்லது வந்தால் என்னால் வாழ்த்த முடியவில்லை. கெட்டது வந்தால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்னைப்பற்றிய இந்த இரண்டாவது விஷயம் எனக்கே தெரியாது. அதையும் நீங்கள்தான் முதலில் கண்டிருக்கிறீர்கள் என்றபோது அதற்கும் வயிறெரிந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. ராத்தா பார்க்காததுபோல் சுளகைத் தட்டினார்.

மருமகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இப்ப என்ன மாமா, கதைக்கிறீங்களா, கதைக்காமப் போறீங்களா?”

“கதைக்கிறன் மகன்” என்றேன். நான் வாடிவீட்டுக்குப் போய்க் கெஞ்சி நின்றதையும் விடாமல், முதலிலிருந்து அவனுக்குச் சொன்னேன்.

பொறாமையை விடு, அது நன்மைகளைத் தின்றுவிடும் என்று மாமி சொன்னார், லெப்பை சொன்னார், என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். நீங்கள் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, காக்கா.